பயாஸைத் தொடும் முன்: திங்க்பேட் எக்ஸ்230 தரும் தொல்லைகளும் அவற்றுக்கான வழிகளும்

2012இல் வந்த லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்230 லேப்டாப் இன்னும் நிறையப் பேர் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனிகள் கழித்துக்கட்டியவை செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தன. ராம், டிஸ்க், பேட்டரி எல்லாவற்றையும் நாமே கழற்றி மாட்டலாம். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்ற பிறகும் லினக்ஸ் போட்டு ஓட்டலாம். ஆனால் அதற்கென்று சில முரண்டுகள் உண்டு. கீ இருக்கும் இடம் ஒத்துவராது, வைஃபை கார்டை மாற்றினால் பூட் ஆகாது, ஃபேன் விட்டுவிட்டு இரையும். எதைத் தேடினாலும் ஐந்து நிமிடத்தில் ஒரே பதிலில் கொண்டுபோய் விடுகிறார்கள்: "ஃபர்ம்வேரை ஃப்ளாஷ் பண்ணு." சிப்புக்குள்ளேயே எழுதிவைத்த நிரல்தான் ஃபர்ம்வேர்; அதை அழித்துப் புதிதாக எழுதுவதுதான் ஃப்ளாஷ்.

நானும் அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு பொருளைக் கொன்றவன்தான். பழைய ரவுட்டர் ஒன்று. வேறு ஃபர்ம்வேர் ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது ரவுட்டர் வரவில்லை. அதில் எனக்கிருந்த குறை என்ன தெரியுமா? இரவில் அதன் நீல விளக்கு கண்ணைக் கூசியது. அவ்வளவுதான்.

அதன்பிறகு எந்தத் தொல்லை வந்தாலும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன். ஒன்று, இந்தத் தொல்லை ஆப்பரேட்டிங் சிஸ்டம் வரை வந்து சேர்கிறதா, அதற்குக் கீழேயே நடந்து முடிந்துவிடுகிறதா? இரண்டு, தப்பாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்ப என்ன வழி?

முதல் கேள்வி புரிய வேண்டுமானால் மெஷினின் அடுக்குகள் கொஞ்சம் தெரிய வேண்டும். கீபோர்டு, ஃபேன், பேட்டரி சார்ஜிங், பவர் பட்டன் இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்வது எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிப். சுருக்கமாக இசி. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் அது விழித்திருக்கும். இல்லாவிட்டால் பவர் பட்டனை அழுத்துவது யாருக்குத் தெரியும்? அதற்கு மேலே பயாஸ், மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடி ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுப்பும் ஃபர்ம்வேர். அதற்கும் மேலே விண்டோஸோ லினக்ஸோ. எவ்வளவு மேலே சரிசெய்ய முடிகிறதோ அவ்வளவு நிம்மதி. இனி அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்.

## கன்ட்ரோல் அழுத்தப் போனால் எஃப்என் அழுந்துகிறது

மற்ற லேப்டாப்களில் கீழே இடது மூலையில் கன்ட்ரோல் இருக்கும். இதில் அந்த இடத்தில் எஃப்என் உட்கார்ந்திருக்கிறது. எஃப்என் கீயைப் பெரும்பாலும் இசியே விழுங்கிவிடுவதால் கீ மாற்றும் மென்பொருள்களை நம்பிப் பயனில்லை. அப்படியானால் ஃபர்ம்வேரை மாற்ற வேண்டுமா? வேண்டாம். மெஷின் ஆன் ஆகும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். கான்ஃபிக், அதற்குள் கீபோர்டு/மவுஸ். எஃப்என்னும் கன்ட்ரோலும் இடம் மாற ஒரு தேர்வு அங்கேயே இருக்கிறது. மாற்றிவிட்டு எஃப்10. கீயின் மேல் அச்சடித்த எழுத்து மட்டும் பழையபடி இருக்கும், விரல் பழகிவிடும்.

தயாரித்தவர்களே உள்ளே வைத்த சுவிட்ச் இது. எந்த வேலையிலும் முதலில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் மெனுவை ஒருமுறைகூட முழுதாகப் படிக்காமல், சிப்பைக் கவ்வும் கிளிப்பும் அதில் எழுதும் புரோகிராமரும் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்வேர்டு தப்பாக அடித்தாலோ சார்ஜரைப் பிடுங்கினாலோ "பீப்" என்று கத்துகிறதா? அதே கான்ஃபிக் பக்கத்தில் பீப் அண்ட் அலாரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. லினக்ஸில் அதற்குப் பிறகும் கத்தினால் அந்த ஒலியை எழுப்பும் பிசி ஸ்பீக்கர் மாடியூலை (டிரைவரை) லோடு ஆகாமல் தடுத்துவிடுங்கள்.

## வலது ஆல்ட் பக்கம் கை பட்டால் ஸ்கிரீன்ஷாட் விழுகிறது

பழைய மாடல்களில் மெனு கீ இருந்த இடத்தில், வலது ஆல்ட்டுக்கும் வலது கன்ட்ரோலுக்கும் நடுவே, பிரின்ட் ஸ்கிரீன் கீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வேகமாக அடிக்கும்போது கை படும்.

இது ஆப்பரேட்டிங் சிஸ்டம் வரை வந்து சேரும் தொல்லை, ஆகவே சுலபம். லினக்ஸில் ஈவ்டெஸ்ட் என்ற சிறு கருவியை ஓடவிட்டு அந்தக் கீயை அழுத்துங்கள். திரையில் ஒரு வரி வந்தால் போதும், அதை எதுவாகவும் மாற்றலாம். கீடி என்ற மென்பொருள் இதற்கு நன்றாக இருக்கிறது. கட்டமைப்புக் கோப்பில் ஒரே வரிதான். விண்டோஸில் இரண்டு வழி. பவர்டாய்ஸின் கீபோர்டு மேனேஜர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே வேலை செய்யும்; லாகின் திரையில் செய்யாது. ஷார்ப்கீஸ், விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிட்டுப் போய்விடும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும், பின்னணியில் எதுவும் ஓட வேண்டாம்.

நான் அந்தக் கீயைத் தமிழ்99க்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவதற்கு வைத்துக்கொண்டேன். இப்போது வேறு கீபோர்டில் உட்கார்ந்தால் கட்டைவிரல் அதைத்தான் தேடுகிறது.

## பழைய ஏழு வரிசை கீபோர்டு மாட்டினேன், சில கீகள் தப்பாக வேலை செய்கின்றன

இதற்கு முந்தைய மாடலான எக்ஸ்220 வரை இருந்தது ஏழு வரிசைக் கீபோர்டு. எக்ஸ்230இல் ஆறு வரிசை, தனித்தனித் தீவு போன்ற கீகள். பழையதன் மேல் தீராத காதல் கொண்ட கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன். நல்லவேளையாக எக்ஸ்220இன் கீபோர்டு எக்ஸ்230இன் குழிக்குள் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். கீழ் விளிம்பில் சில பிளாஸ்டிக் நாக்குகளை அரத்தால் ராவ வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் மின்சாரப் பக்கம் கவனம் தேவை. புதிய கீபோர்டில் எழுத்துக்களுக்கு அடியில் விளக்கு வைக்க வசதி உண்டு, பழையதில் கிடையாது. அந்த விளக்குக்குப் போகும் மின்சாரம் பழைய கீபோர்டின் கனெக்டரில் தப்பான பின்னில் போய் நிற்கும். அந்தப் பின்களை மெல்லிய காப்பு டேப்பால் மூடிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஃபர்ம்வேர் பற்றிப் பக்கம் பக்கமாகப் பயப்படுகிறவர்கள் இந்தத் துண்டு டேப்பை மறந்துவிட்டுப் போர்டையே போக்கிக்கொள்வதுண்டு.

மாட்டியாயிற்று. எழுத்துக்கள், எண்கள் எல்லாம் சரியாக வரும். வலது மேல் மூலையில் உள்ள சில கீகளும், எஃப்என்னோடு சேர்த்து அழுத்துபவையும் வேறு எதையோ செய்யும். ஏனென்றால் எந்தக் கம்பியும் எந்தக் கம்பியும் சேர்ந்தால் எந்த எழுத்து என்ற அட்டவணை இசிக்குள் இருக்கிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆறு வரிசைதான்.

இங்கே ஒவ்வொரு கீயாகச் சோதியுங்கள். மறுபடியும் ஈவ்டெஸ்ட்தான். தப்பான பெயரோடு ஒரு கீ வந்தால் அதைச் சரியான பெயருக்குத் திருப்பிவிடலாம்; முந்தைய அறிகுறியில் சொன்ன அதே வேலை. ஒரு கீயை அழுத்தினால் திரையில் எதுவுமே வரவில்லை என்றால் அது இசியைத் தாண்டவில்லை என்று பொருள். அந்தக் கீயை எந்த மென்பொருளாலும் உயிர்ப்பிக்க முடியாது. எஃப்என் சேர்க்கைகள் சில ஏசிபிஐ (ஃபர்ம்வேரும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் பேசிக்கொள்ளும் முறை) நிகழ்வுகளாகத் தனி வழியில் வரும், அதையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

அப்படி நாதியற்றுப்போன கீகள் எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றில் நீங்கள் தினமும் தொடுவது எத்தனை? ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் தனி பட்டன்கள் இருக்கின்றன. வெளிச்சத்துக்கு எஃப்என் சேர்க்கை போனால் வேறொரு சேர்க்கையை டெஸ்க்டாப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். என் தாளில் கடைசியில் மிஞ்சியது இரண்டே வரி.

அதற்கும் மேல் எல்லாம் அச்சடித்தபடி வேண்டும் என்றால் இசியை மாற்றுவதுதான் வழி. எக்ஸ்230, டி430, டி530, டபிள்யூ530 வரிசைக்கென்றே ஒரு திறமூலத் திட்டம் இருக்கிறது. தயாரிப்பாளரின் அதிகாரப்பூர்வ அப்டேட் கோப்பையே எடுத்து, அதற்குள் இருக்கும் இசி பகுதியில் அட்டவணையை மட்டும் மாற்றி, யுஎஸ்பியில் இருந்து பூட் ஆகும்படி கட்டித் தருகிறது. கவனமாகச் செய்யப்பட்ட வேலை, நிறையப் பேர் வெற்றிகரமாகப் போட்டிருக்கிறார்கள். உங்கள் பயாஸ் எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்து மாற்றிய இசியை அது ஏற்கலாம், மறுக்கலாம். பிறகு ஒருநாள் நீங்களே அதிகாரப்பூர்வ அப்டேட் போட்டால் மாற்றம் அழிந்தும் போகலாம்.

இனி இரண்டாவது கேள்வி. தப்பாகப் போனால்? இங்கேதான் எனக்குக் கை நடுங்கும். பயாஸ் கெட்டால் அது இருக்கும் சிப்பில் வெளியே இருந்து கிளிப் மாட்டி மறுபடி எழுதலாம். இசியின் ஃபர்ம்வேர் அந்த சிப்பில் இல்லை, இசிக்குள்ளேயே இருக்கிறது. கிளிப்புக்கு அங்கே வேலை கிடையாது. பவர் பட்டனைக் கவனிப்பதே அதுதான் என்பதால், அது போனால் பட்டனை அழுத்தினாலும் ஒரு சலனமும் இருக்காது. பாதியில் நின்றுபோன இசி ஃப்ளாஷ் என்பது அநேகமாக டெட் போர்டுதான். வாய்ப்பு குறைவு. ஆனால் நடந்துவிட்டால் முழு மெஷின். இரண்டு கீகளுக்காக அதைச் செய்வீர்களா என்பது உங்கள் விருப்பம். நான் செய்யவில்லை. தினமும் எட்டு மணி நேரம் அதிலேயே எழுதுகிறவர், கையில் இன்னொரு எக்ஸ்230 போர்டும் வைத்திருப்பவர் என்றால், தாராளமாகச் செய்யலாம்.

## வைஃபை கார்டை மாற்றினேன், 1802 என்று நின்றுவிட்டது

பூட் ஆகும்போதே கறுப்புத் திரையில் 1802 என்ற எண்ணும், அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு மாட்டியிருக்கிறது, அணைத்துவிட்டுக் கழற்று என்ற செய்தியும் வந்து நிற்கும். கார்டு கெடவில்லை, பதற வேண்டாம். பயாஸுக்குள் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இல்லாததைக் கண்டால் மேலே போக மறுக்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. ஆக, முதல் கேள்விக்கு இங்கே பதில் "சேரவில்லை". மென்பொருளால் இந்தத் தடையை உடைக்க முடியாது. ஆனால் சுற்றிக்கொண்டு போகலாம்.

பட்டியல் கார்டின் மாடலை மட்டும் பார்ப்பதில்லை, அது யாருக்காகத் தயாரிக்கப்பட்டது என்ற துணை எண்ணையும் பார்க்கிறது. அதனால்தான் இன்டெல் 6205 கார்டு ஒன்று வேலை செய்யும், வேறு பிராண்டு லேப்டாப்பில் இருந்து கழற்றிய அதே 6205 நின்றுவிடும். லெனோவோவின் எஃப்ஆர்யு (உதிரிபாக) எண் ஒட்டிய கார்டாகப் பார்த்து வாங்குங்கள். 6205இல் 5 கிகாஹெர்ட்ஸ் உண்டு, காகிதத்தில் 300 எம்பிபிஎஸ். வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால் இதற்கு மேல் எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள். 2.4 மட்டுமே உள்ள மலிவான கார்டோடு வந்த மெஷின் என்றால் இந்த ஒரு மாற்றத்திலேயே முகம் மலர்ந்துவிடும்.

வைஃபையின் அடுத்த தலைமுறையான ஏசி தரமோ அதற்கு மேலோ வேண்டும் என்றால் பட்டியலில் ஆள் இல்லை. அப்போது யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள். விரல் நகம் அளவுக்குச் சின்னது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லினக்ஸ் என்றால் வாங்கும் முன் சிப் பெயரைப் பாருங்கள். மீடியாடெக் எம்டி7612யு போன்றவற்றுக்கு டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் டிரைவரை மறுபடி கட்ட வேண்டிய டாங்கிள் வாங்கினால் ஒரு தொல்லை போய் இன்னொன்று வந்ததுதான் மிச்சம். இன்னொன்று: யுஎஸ்பி 3.0 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். டாங்கிளை 5இல் ஓட்டுங்கள்.

டாங்கிள் நீட்டிக்கொண்டு அசிங்கமாக இருக்கிறது என்பவர்களுக்கு மட்டும் மேற்கொண்டு.

ஒருமுறை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறு எதற்கோ போனபோது, ஒரு கடைத் தம்பியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "அரை மணி நேரம் குடுங்கண்ணே, கிளிப் போட்டு எடுத்துடறேன்" என்றார். "பேக்கப் எடுப்பீங்களா தம்பி?" என்றேன். "எதுக்குண்ணே, நம்மகிட்ட எக்ஸ்230 ஃபைல் ரெடியா இருக்கு." நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலை தெரிந்த பையன்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த பயாஸ் சிப்பில் இருப்பது எல்லா எக்ஸ்230க்கும் பொதுவான கோப்பு மட்டும் கிடையாது. நெட்வொர்க்கில் உங்கள் மெஷினை அடையாளம் காட்டும் ஈதர்நெட்டின் மேக் முகவரியும் அதில்தான் இருக்கிறது. ஊரான் வீட்டுக் கோப்பை ஏற்றினால் மெஷின் எழுந்திருக்கும், வேறொருவர் முகவரியில்.

வழிகள் இரண்டு. ஒன்று, பழைய பயாஸ் பதிப்பில் இருந்த பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்தி, மெஷினைத் திறக்காமலே பட்டியலை நீக்குவது. ஐவிரெய்ன் என்ற கருவி அதைத்தான் செய்கிறது. பொருந்தும் பதிப்புக்கு முதலில் கீழே இறங்க வேண்டியிருக்கலாம். சுலபமாகத் தெரியும். ஆனால் நடுவில் தடுக்கினால் மெஷினைத் திறந்து கிளிப் போட்டே ஆக வேண்டும், அதற்கான சாமான் கையில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். இரண்டாவது, நேராகக் கிளிப் போட்டு மாற்றிய பயாஸோ, பயாஸுக்குப் பதிலாக வரும் திறமூல ஃபர்ம்வேரான கோர்பூட்டோ எழுதுவது. கோர்பூட்டில் இந்தப் பட்டியலே கிடையாது. இசியோடு ஒப்பிட்டால் இது எனக்குக் குறைந்த பயம் தரும் வேலை. காரணம் எளிது: சரியான பேக்கப் இருக்கும்வரை எத்தனை முறை சொதப்பினாலும் மறுபடி எழுதலாம்.

## ஃபேன் காரணமில்லாமல் இரைகிறது

சும்மா ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது "உஷ்ஷ்" என்று கிளம்பி, நின்று, மறுபடி கிளம்பும். எந்த வெப்பத்தில் எந்த வேகம் என்ற அட்டவணை இதிலும் இசிக்குள்தான். ஆனால் கீபோர்டு போலப் பூட்டி வைக்கவில்லை. மேலிருந்து கட்டளை கொடுத்தால் இசி கேட்டுக்கொள்ளும்.

முதலில் ஸ்க்ரூடிரைவர். பத்து வருடத்துக்கு மேலான மெஷின். ஹீட்சிங்க் துடுப்புகளுக்கு இடையே தூசி பஞ்சு மெத்தை போல அடைத்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் வீண்.

அடுத்து, சூட்டையே குறையுங்கள். ஐ5-3320எம் என்றால் 2.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.3 வரை ஏறும், அப்போதுதான் ஃபேன் அலறும். விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதம் என்று வைத்தால் டர்போ நின்றுவிடும். லினக்ஸில் பிராசசர் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் பிஸ்டேட் டிரைவரில் டர்போவை அணைக்க ஒரு சுவிட்ச் உண்டு. எழுத்து வேலைக்கும் படிப்புக்கும் வித்தியாசமே தெரியாது.

அதற்குப் பிறகும் திருப்தியில்லை என்றால் லினக்ஸில் திங்க்ஃபேன், விண்டோஸில் டிபிஃபேன்கன்ட்ரோல். 0 முதல் 7 வரை எட்டு நிலை. எந்த வெப்பத்தில் எது என்று நீங்களே எழுதலாம். ஏறும் வெப்பத்துக்கும் இறங்கும் வெப்பத்துக்கும் இடையே ஐந்தாறு டிகிரி விட்டு எழுதினால் அந்த விட்டுவிட்டு இரையும் பழக்கம் போய்விடும். லினக்ஸ் கர்னலின் திங்க்பேட் மாடியூலில் ஃபேனைத் தொடும் அனுமதி சாதாரணமாக மூடியே இருக்கும், வேண்டுமென்று திறக்க வேண்டும். திறந்தாலும் அதில் ஒரு காவல் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். உங்கள் நிரல் நடுவில் செத்துப்போய் குறித்த நேரத்துக்குள், அதிகபட்சம் 120 வினாடிக்குள், பேச்சு மூச்சு இல்லை என்றால், ஃபேன் தானாகப் பழைய தானியங்கி நிலைக்குத் திரும்பும். நான் கேட்கும் "திரும்பும் வழி" என்பது இதுதான். ஃபேன் அட்டவணைக்காக யாராவது இசியை ஃப்ளாஷ் செய்யச் சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

## பேட்டரி எப்போதும் 100இல் நிற்கிறது, அல்லது சார்ஜே ஏறுவதில்லை

இரண்டும் வேறு வேறு அறிகுறி. ஒரே தலைப்பில் போட்டதற்குக் காரணம், ஒன்றுக்கு வழி மிகச் சுலபம், மற்றதற்கு மென்பொருள் வழியே இல்லை.

முதலாவது: எப்போதும் சார்ஜரிலேயே ஓடும் மெஷினில் பேட்டரியை 100இல் வைத்திருந்தால் அது சீக்கிரம் தளரும். 75க்குக் கீழே வந்தால் ஏற்று, 80இல் நிறுத்து என்று சொல்லிவிடுங்கள். லினக்ஸில் டிஎல்பி என்ற மின்சேமிப்புக் கருவியின் கோப்பில் இரண்டு வரி. லினக்ஸ் டெஸ்க்டாப்களான கேடிஇயிலும், க்னோம் 48 முதல் அதிலும், அமைப்புப் பக்கத்திலேயே தேர்வு வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் தயாரிப்பாளரின் செயலியே போதும். சார்ஜிங்கைப் பார்த்துக்கொள்வது இசிதான், நாம் அதனிடம் எண்ணை மட்டும் கொடுக்கிறோம்.

இரண்டாவது: வேறு தயாரிப்புப் பேட்டரி வாங்கி மாட்டினால், இந்தப் பேட்டரி இந்த மெஷினுக்கு உரியதில்லை, சார்ஜ் ஆகாது என்று பூட் ஆகும்போதே செய்தி வரும். எஸ்கேப் அழுத்தி உள்ளே போகலாம், ஆனால் சார்ஜ் ஏறாது. இசி கேட்கும் கேள்விக்குப் பேட்டரி சரியான பதில் சொல்லவில்லை. மேலே சொன்ன இசி திட்டத்தில் இந்தச் சோதனையை நீக்கும் மாற்றமும் இருக்கிறது. எனக்கு இதில் இரண்டு மனசு. அசல் பேட்டரி புதிதாகக் கிடைக்காத காலத்தில் இந்தப் பூட்டு அநியாயம்தான். ஆனால் லித்தியம் செல் விஷயம். யார் கட்டினார்கள் என்று தெரியாத பேட்டரிக்காக இசியைப் பணயம் வைக்க மனம் வரவில்லை. பூட்டைத் திறக்காமலே ஏற்கப்படும் வெளித் தயாரிப்புப் பேட்டரிகள் இருக்கின்றன. திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்கி, செய்தி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

## திரையைப் பார்த்தால் கண் வலிக்கிறது

வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது மட்டும் வலிக்கிறதா? பின்விளக்கு விட்டுவிட்டு எரிந்துதான் வெளிச்சம் குறைகிறது. திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஒரே மங்கலாகத் தெரியாமல் தனித்தனி நிழல்களாகத் தெரிந்தால் அதுதான்.

வெளிச்சத்தை முழுதாக வைத்துவிட்டு, மென்பொருளால் படத்தை மங்கலாக்குங்கள். கறுப்பு கொஞ்சம் வெளிறும், பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், கண் பிழைக்கும். இன்டெல் கிராஃபிக்ஸ் சிப்பின் ரெஜிஸ்டர் என்ற தற்காலிக நினைவிடத்தில் எழுதி, விளக்கு விட்டுவிட்டு எரியும் அதிர்வெண்ணை உயர்த்தும் வழியும் உண்டு. ரெஜிஸ்டரில் எழுதியது ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும், அதனால் துணிந்து முயலலாம்.

## டச்பேட் தத்துகிறது

எக்ஸ்230இன் டச்பேட் பெயர்போனது. லினக்ஸில் மவுஸ், டச்பேடு போன்றவற்றைக் கவனிக்கும் லிப்இன்புட்டில் இந்த ஒரு மாடலுக்காகவே சுட்டி வேகக் கணக்கைத் தனியாக ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே லிப்இன்புட்டைப் புதிதாக வைத்திருங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் பயாஸிலேயே டச்பேடை அணைத்துவிட்டு, கீபோர்டின் நடுவே சுட்டியை நகர்த்த இருக்கும் சிவப்புக் குமிழுக்கு மாறிவிடுங்கள்.

## ஒரு கீ அழுத்தினால் இரண்டு எழுத்து விழுகிறது

விண்டோஸில் ஃபில்டர் கீஸ், லினக்ஸ் டெஸ்க்டாப்களில் பவுன்ஸ் கீஸ் என்ற அணுகல் வசதி. மிகக் குறைந்த இடைவெளியில் வரும் இரண்டாவது அழுத்தத்தைத் தள்ளிவிடும். லேப்டாப் கீபோர்டு என்றால் அது தேய்ந்துவிட்டது, மாற்றும்வரை இதை வைத்து ஓட்டுங்கள்.

வெளியே மாட்டும் மெக்கானிக்கல் கீபோர்டில் இது வந்தால், அதில் கியூஎம்கே என்ற திறமூல ஃபர்ம்வேர் ஓடினால், கொஞ்சமும் யோசிக்காமல் ஃபர்ம்வேரை மாற்றி ஃப்ளாஷ் செய்யுங்கள். இத்தனை நேரம் பயமுறுத்திவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். ஆர்பி2040 சிப் உள்ள கீபோர்டில், ஃபர்ம்வேரை ஏற்ற உதவும் பூட்லோடர் அழிக்க முடியாத ரோமில் இருக்கிறது. எவ்வளவு கேவலமான ஃபர்ம்வேரை ஏற்றினாலும், பூட் பட்டனை அழுத்திக்கொண்டு செருகினால் பென்டிரைவ் போலத் திறந்துகொள்ளும், சரியானதை இழுத்துப் போடலாம். திரும்பும் வழி கல்லில் செதுக்கியிருக்கிறது.

## மூடிமேல் விளக்கு கண்ணைக் குத்துகிறது

கறுப்பு இன்சுலேஷன் டேப், அரை சென்டிமீட்டர். ரவுட்டருக்கும் இதையே செய்திருக்கலாம்.

## இல்லை, ஃப்ளாஷ் செய்துதான் தீருவேன் என்றால்

பயாஸ் சிப்பை மட்டும் சொல்கிறேன். எக்ஸ்230இல் 8 எம்பியும் 4 எம்பியுமாக இரண்டு சிப்புகள், பாம்ரெஸ்ட்டுக்கு அடியில். முதலில் அதிகாரப்பூர்வ அப்டேட் வழியாக இசியை உங்களுக்கு வேண்டிய பதிப்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள்; கோர்பூட் போட்ட பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். சார்ஜர், பேட்டரி, நாணய பேட்டரி மூன்றையும் கழற்றுங்கள்.

சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமரில் ஒரு வில்லங்கம் உண்டு. மின்சாரம் 3.3 வோல்ட் என்று காட்டினாலும் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் வரும். இந்தச் சிப்புகள் 3.3க்கானவை. பலர் அப்படியே எழுதித் தப்பித்திருக்கிறார்கள், அது அவர்கள் ஜாதகம். ராஸ்பெர்ரி பை இருந்தால் அதையே புரோகிராமராகப் பயன்படுத்துங்கள், அதில் எல்லாமே 3.3.

கிளிப்பின் சிவப்புக் கம்பி சிப்பில் புள்ளி வைத்த ஒன்றாம் பின் பக்கம். ஃப்ளாஷ்ராம் என்ற நிரலால் ஒவ்வொரு சிப்பையும் இரண்டு முறை படித்து, இரண்டின் செக்சம்மும் (கோப்பின் சரிபார்ப்பு எண்) ஒன்றா என்று பாருங்கள். மாறினால் கிளிப் சரியாக உட்காரவில்லை. கழற்றி மாட்டி மறுபடி படியுங்கள். ஒரே மாதிரி வரும்வரை எழுதும் கட்டளை பக்கமே போகாதீர்கள். படிக்கும் கணினியை யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

அப்புறம், எடுத்த பேக்கப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். அந்த இரண்டில் ஒன்றாக இந்த லேப்டாப்பின் டிஸ்க்கே இருக்கக் கூடாது. என் நண்பர் ஒருவர் அங்கேதான் வைத்திருந்தார்.